முதுகுவலி தீர்ந்த பிறகும் யோகம் எதற்கு?

மார்த்தாண்டத்தில் வசிக்கும் ஒரு கல்லூரிப் பேராசிரியை முதுகுவலிக்காக யோகாசன வகுப்பில் சேர்ந்தார்; வலி பெருமளவு குறைந்துவிட்டது. வகுப்பில் ஆன்மிகம் என்ற சொல் அடிக்கடி வருகிறது, ஆனால் அது எதைக் குறிக்கிறது என்று யாரும் விளக்குவதில்லை என்கிறார். யோகத்தின் பொருளும் நோக்கமும் உண்மையில் என்ன, அதற்குக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா, தம்மைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பத்தினர் அதில் எவ்வளவு தூரம் போகலாம், குரு இல்லாமல் முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். நாகர்கோவிலில் நெடுங்காலமாக இதைக் கற்றும் கற்பித்தும் வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான விடையைச் சொல்லிவிடுகிறேன். நம் மனத்தில் ஓடும் எண்ணங்களையும் விருப்பு வெறுப்புகளையுமே ‘நான்’ என்று எடுத்துக்கொண்டு வாழ்கிறோம். அந்தப் பிழையான பிடிப்பிலிருந்து விடுபடுவதற்கான முறையான பயிற்சிதான் யோகம். உடல்நலமும் மன அமைதியும் அந்த வழியில் கிடைப்பவை. அவற்றை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் வழியிலேயே நின்றுவிட்டோம் என்பதைத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும்.

இதை நான் என் கருத்தாகச் சொல்லவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் 4 பாதங்களும் (பகுதிகளும்) ஏறத்தாழ 195 சூத்திரங்களும் கொண்ட சிறிய நூல். அதில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை 3 சூத்திரங்கள்தாம். அசைவின்றியும் சுகமாகவும் இருக்கும் நிலையே ஆசனம் என்பதும், முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்பதும், கைகூடினால் குளிர் வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்கமாட்டா என்பதுமே அங்கே சொல்லப்படுகின்றன. எந்தக் காலை எங்கே மடக்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. நூலின் உயிர், தொடக்கத்திலேயே வரும் மூன்று சூத்திரங்களில் இருக்கிறது. சித்தத்தின் அசைவுகள் அடங்குவதே யோகம் என்கிறது இரண்டாம் சூத்திரம். அப்போது காண்பவன் தன் இயல்பில் நிலைபெறுகிறான் என்கிறது மூன்றாவது. மற்ற நேரங்களில் அவன் அந்த அசைவுகளின் வடிவையே தன் வடிவாக எடுத்துக்கொள்கிறான் என்கிறது நான்காவது. மற்றவை எல்லாம் இந்த மூன்றுக்குமான விளக்கமும் வழிமுறையும் என்று படித்தால் நூல் எளிதாகப் பிடிபடும்.

‘சித்தத்தின் அசைவுகள்’ என்பது ஏதோ தொலைவில் உள்ள தத்துவம் என்று தோன்றலாம். ஒரு விடிகாலையில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து, முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவருடைய பைக் சத்தம் கேட்கிறது. இது பைக் என்று மனம் சரியாக அறிகிறது. அந்தச் சத்தம் வீட்டு வாசலில் நிற்பதுபோல் தோன்ற, இந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று ஒரு கணம் பதறுகிறீர்கள். யாரும் வரவில்லை, அது பிழையான அறிவு. உடனே நேற்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்ன குத்தலான வார்த்தை நினைவுக்கு வருகிறது. அதைத் தொடர்ந்து ‘என் மரியாதை போய்விட்டது’ என்ற வாக்கியம் எழுகிறது. மரியாதை எங்கே இருந்தது, எங்கே போனது என்று தேடினால் கைக்கு ஒன்றும் அகப்படாது. பொருள் எதுவும் பின்னால் இல்லாமல் சொல்லாக மட்டுமே நின்று உடம்பைச் சுட வைக்கும் கற்பனை அது. இவற்றுக்கு நடுவில் தலை ஒருமுறை சாய்கிறது, அது உறக்கம். சரியான அறிவு, பிழையான அறிவு, சொல்லளவான கற்பனை, உறக்கம், நினைவு என்று பதஞ்சலி எண்ணிச் சொல்லும் ஐந்து அசைவுகளும் பத்து நிமிடத்திற்குள் ஒரு சுற்று வந்துவிட்டன.

இப்போது கவனிக்க வேண்டியது இது: இந்த ஐந்தும் வந்தன, போயின என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பதற்றம் வந்தபோது பதற்றம் தெரிந்தது, கோபம் வந்தபோது கோபம் தெரிந்தது. தெரியப்பட்டவை மாறிக்கொண்டே இருந்தன. தெரிந்துகொண்டிருந்தது அவற்றோடு மாறவில்லை. யோக நூல் ‘காண்பவன்’ என்று சொல்வது அந்தத் தெரிதலைத்தான். ஆன்மிகம் என்ற சொல்லுக்கு யோகத்தில் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. காட்சிகள் தோன்றுவதோ, நெற்றியில் ஒளி தெரிவதோ, உடம்பு சிலிர்ப்பதோ ஆன்மிகம் ஆகிவிடாது. அவையும் வந்து போகிறவைதாம், அவற்றையும் ஒன்று அறிந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்றாம் பாதத்தில் பலவகைச் சித்திகளை, அதாவது அற்புத ஆற்றல்களை, விவரித்துக்கொண்டே வரும் பதஞ்சலி, அவை மனம் முழுதும் ஒருமுகப்பட்டு அடங்கும் சமாதி நிலைக்கு இடையூறுகள் என்று அதே பாதத்தில் சொல்லிவிடுகிறார். குண்டலினி, சித்தி என்று ஆசை காட்டுகிறவர்களிடம் இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத நான் விரும்பவில்லை.

இந்தப் பிழையான பிடிப்பு ஏன் இவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதற்கு இரண்டாம் பாதம் மனத்தை வருத்தும் ஐந்து மாசுகளை, அதாவது கிலேசங்களை, காரணமாகச் சொல்கிறது. அறியாமை, நான் என்னும் முனைப்பு, விருப்பு, வெறுப்பு, உயிர்மேல் உள்ள பற்றால் வரும் அச்சம் என்பவை அவை. நிலையாததை நிலையானது என்றும் துன்பத்தை இன்பம் என்றும் எடுத்துக்கொள்ளும் அறியாமையே மற்ற நான்குக்கும் விளைநிலம். கடைசியாக வரும் அச்சம் அறிஞர்களிடத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் என்று சூத்திரம் ஒளிக்காமல் சொல்வது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருந்திருக்கிறது. தவம், கற்றலும் ஓதலும், இறைவனிடம் ஒப்படைத்தல் என்ற மூன்றையும் சேர்த்துக் கிரியா யோகம் என்று பெயரிட்டு, அதன் பயன் இரண்டு என்று நூல் வரையறுக்கிறது. சமாதியை வளர்ப்பது ஒன்று, கிலேசங்களை மெலியச் செய்வது மற்றொன்று. முதலாவது நமக்கு எப்போது கிட்டும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவதை நம்மாலும் நம் வீட்டாராலும் சோதித்துப் பார்க்க முடியும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டித் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து வெட்டுகிற வேலை. இடுப்பும் தோளும் கெட்டித்துப் போயிருந்தன. புஜங்காசனமும் மகராசனமும் அவருக்கு நல்ல பலன் தந்தன. ஒரு நாள் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டே, "கோவம் வாறது முன்னயே தெரியுது சார், நிறுத்தத்தான் முடியல்ல" என்றார். அவருடைய இடுப்பு வளைந்ததைவிட இந்த வாக்கியமே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. கோபமாகவே ஆகிவிடுவதற்கும் கோபம் வருவதைக் காண்பதற்கும் இடையில் ஒரு சிறிய இடைவெளி அவருக்குத் திறந்திருக்கிறது. நிறுத்த முடிவது பிறகு வரும். அந்த இடைவெளி திறக்காமல் சிரசாசனத்தில் அரை மணி நேரம் நின்றாலும் அவர் செய்தது உடற்பயிற்சியாகவே இருந்திருக்கும்.

அப்படியானால் உடலுக்கு யோகத்தில் என்ன இடம்? பதஞ்சலி தியானத்திற்கான ஒன்பது இடையூறுகளைப் பட்டியலிடும்போது நோயைத்தான் முதலில் வைக்கிறார். சோம்பல், ஐயம், அடைந்த நிலையில் நிற்க முடியாமை எல்லாம் அதன் பின்னரே வருகின்றன. முதுகு வலிக்கிறவரால் தன் மனத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது, வலியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார முடியும். ஆகவே உங்களுடைய வலி குறைந்தது சிறிய விஷயம் அல்ல. முதல் இடையூறு விலகியிருக்கிறது. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை ஆசனத்தையும் மூச்சையும் முத்திரைகளையும் விரிவாகச் சொல்லும் நூல். அதுவே, மனத்தை அடக்கும் ராஜயோகத்தை அறியாமல் உடலையும் மூச்சையும் பழக்கும் ஹடத்தை மட்டும் செய்கிறவர்கள் உழைப்பின் பலனைப் பெறாதவர்கள் என்று தன் நான்காம் பகுதியில் கண்டிப்பாகச் சொல்கிறது. இன்று உலகம் முழுவதும் யோகா என்று அறியப்படும் ஆசன வரிசைகளில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டில் மைசூர் போன்ற இடங்களில் உருப்பெற்றது. அதில் குறை ஒன்றும் இல்லை. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 அன்று பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் வரிசையாக நின்று செய்வதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியே. அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

தமிழ் மரபு இந்த இடத்தில் ஒரு தனிச்சிறப்பு உடையது. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்திற்கே உரியது. இயமம் முதல் சமாதி வரை யோகத்தின் எட்டு உறுப்புகளையும் அவர் முறையாகப் பாடுகிறார். ‘உடம்பினை முன்னம் இழுக்கென்று இருந்தேன்’ என்று தொடங்கும் பாடலில், இழிவானது என்று எண்ணியிருந்த உடம்புக்குள்ளே உறுபொருளைக் கண்டதாகவும், உத்தமன் அங்கே கோயில் கொண்டிருப்பதை அறிந்ததால் அதை இருந்து ஓம்புவதாகவும் சொல்கிறார். உடம்பை வெறுத்து ஒதுக்குவதும் உடம்பையே கொண்டாடிக் கண்ணாடி முன் நிற்பதும் ஆகிய இரண்டு பக்கத் தவறுகளுக்கும் இந்தப் பாட்டில் இடமில்லை. உடம்பு பேணப்பட வேண்டும். ஏன் பேணப்படுகிறது என்பது மறக்கப்படாமல் இருக்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் உடம்பைத் தொடும் முறையிலும் இந்த மரியாதையைப் பார்த்திருக்கிறேன். உயிர் நின்று இயங்கும் இடம் என்ற எண்ணத்தோடுதான் அவர்கள் ஒரு வர்மப் புள்ளியில் விரல் வைப்பார்கள்.

எட்டு உறுப்புகளில் முதலிரண்டான, விலக்க வேண்டியவற்றைச் சொல்லும் இயமமும் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொல்லும் நியமமும்தான் வகுப்புகளில் மிக வேகமாகத் தாண்டிச் செல்லப்படுபவை. என் அனுபவத்தில் யோகத்தின் ஆன்மிகம் வெளிப்படுவதும் பொய்த்துப்போவதும் அங்கேதான். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் குவிக்காமை என ஐந்து இயமங்களைச் சொல்லும் பதஞ்சலி, பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை என்னும் வரையறைகளால் குறுகாதபோது இவை எங்கும் பொருந்தும் மகாவிரதம் ஆகின்றன என்கிறார். திருமூலர் இயமத்தை இன்னும் நம் ஊர் வாழ்க்கைக்கு அருகில் கொண்டுவருகிறார். கொல்லான், பொய்கூறான், களவிலான், எண்குணன், நல்லான், அடக்கம் உடையான், நடுச்செய்ய வல்லான், பகுத்துண்பான், மாசிலான், கட்காமம் இல்லான் என்று அவர் அடுக்கும் பத்தில் பக்கம் சாயாமல் நடுநிலையில் நிற்பதும், இருப்பதைப் பகிர்ந்து உண்பதும் யோகத்தின் முதல் உறுப்பாகவே சேர்ந்துவிடுகின்றன. மூச்சை அடக்கத் தெரிந்தவர், தன் அண்ணன் தம்பிக்கு உரிய சொத்துப் பங்கில் நடுநிலை தவறினால், அவருக்கு முதல் படியிலேயே வேலை மிச்சம் இருக்கிறது.

கொல்லாமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் தயக்கத்தோடு இதைக் கேட்பதுண்டு. யோக சூத்திரத்திற்கான பழைய வியாச உரை, பிறப்பால் அல்லது தொழிலால் வரையறுக்கப்பட்ட கொல்லாமைக்கு மீனவரையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. மீனைத் தவிர வேறு எந்த உயிரையும் துன்புறுத்தாதவருடைய விரதம் அது. சிலர் இதை மீனவர்களுக்கு யோகம் இல்லை என்பதற்கான ஆதாரமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உரை சொல்வது அதுவன்று. எல்லையோடு கூடிய கொல்லாமையும் கொல்லாமைதான். எல்லை விரிந்துகொண்டே போய் இல்லாமலாவது அதன் முதிர்ச்சி. உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போய் ஊருக்குச் சோறு போடுகிற ஒருவர், தொழிலுக்கு வெளியே யாரையும் சொல்லாலும் செயலாலும் வருத்துவதில்லை என்று உறுதி எடுத்தால், அது ஏசி அறையில் அமர்ந்துகொண்டு பிறர் மனத்தைப் புண்படுத்துகிறவருடைய சைவ உணவைவிட யோகத்திற்கு நெருக்கமானது என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் கேள்வியின் நடுவில் சொல்லாமல் சொல்லப்பட்ட ஓர் ஐயம் இருக்கிறது. தன்னை அறிவது என்று கண்ணை மூடிக்கொள்வது சுயநலம் ஆகாதா என்பதுதான் அது. யோக சூத்திரத்தின் இறுதி நிலைக்குக் கைவல்யம் என்று பெயர். தனித்திருத்தல் என்று அது பொருள்படுவதால் இந்த ஐயம் வலுக்கிறது. இதற்கு விடை தேட நம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைக்கிறேன். குமரிமுனையில் கோயில் கொண்டிருக்கும் அம்மனே தவக்கோலத்தில் இருக்கிறாள். அவள் கையில் இருப்பது ஜெபமாலை. சுசீந்திரத்து இறைவனை மணப்பதற்காக ஒற்றைக் காலில் நின்று அவள் தவம் செய்த இடம் என்று கடல் நடுவே உள்ள ஸ்ரீபாதப் பாறையைக் காட்டுகிறார்கள். தவம் என்பது இந்த மண்ணில் புத்தகச் சொல்லாக இருந்ததில்லை. ஆனால் இங்கே தவம் செய்த மனிதர்கள் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

நாராயண குரு நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் உள்ள மருந்துவாழ் மலையில், பிள்ளைத்தடம் என்னும் குகையில் தங்கித் தவம் செய்தார். மலையிலிருந்து இறங்கிய அவர், 1888-ஆம் ஆண்டு அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்து, கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்கு வழிபாட்டின் வாசலைத் திறந்தார். அவருக்கு யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் சட்டம்பி சுவாமிகளும் மாணவராக இருந்தார். 1809-இல் பிறந்த அய்யா வைகுண்டர் 1833-க்குப் பிறகு சாமித்தோப்பில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்ததாக அவர் வழியினர் போற்றுகிறார்கள். அந்தத் தவத்திலிருந்து எழுந்தவர் எல்லாச் சாதியினரும் ஒரே இடத்தில் தண்ணீர் எடுத்துக் குளிக்க முத்திரிக் கிணறு வெட்டச் செய்தார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபட வரச் சொன்னார். சேர்ந்து உண்ண வைத்தார். அவர் வழியில் அமைந்த பதிகள் என்னும் வழிபாட்டு இடங்களில் இன்றும் கருவறையில் கண்ணாடிதான் இருக்கிறது. வணங்க வருகிறவர் அதன் முன் நின்று தன்னைத்தான் காண்கிறார். காண்பவன் தன் இயல்பில் நிலைபெறுவது என்ற அந்தச் சூத்திரத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது நான் அந்தக் கண்ணாடியைத்தான் சொல்வது வழக்கம்.

1892 டிசம்பரில் குமரிமுனைப் பாறையில் அமர்ந்து தியானித்த விவேகானந்தர், 1894-இல் தம் குருசகோதரர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த நாளை நினைவுகூர்கிறார். இத்தனை துறவிகள் ஊர் ஊராகத் திரிந்து மக்களுக்குத் தத்துவம் போதிக்கிறோமே, இது எல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அங்கே தமக்குத் தோன்றியதாகவும், வெறும் வயிற்றில் சமயம் நிற்காது என்று தம் குருநாதர் சொன்னதை எண்ணியதாகவும் எழுதுகிறார். பதஞ்சலியின் சூத்திரங்களுக்கு விளக்கம் எழுதி 1896-இல் ராஜயோகம் என்ற நூலாக உலகுக்குத் தந்தவரும் அவர்தான். தியானத்தின் உச்சியில் அவருக்குப் பசித்த மக்களின் முகம் தெரிந்தது என்பதையும், அதே மனிதர் சமாதியைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விருப்பு வெறுப்பும் அச்சமும் மெலிந்த ஒருவருக்குத் தனக்கென்று காத்துக்கொள்ள வேண்டியது குறைந்துவிடுகிறது. அரசனுக்கும் ஊர் வழக்கத்துக்கும் அஞ்சாமல் நாராயண குரு, அய்யா வைகுண்டர் போன்றவர்களால் செயல்பட முடிந்ததற்கு இதுவே காரணம். தனித்திருத்தல் என்பது மக்களிடமிருந்து விலகுவதைக் குறிக்கவில்லை. தன் கிலேசங்களிடமிருந்து விலகுவதைக் குறிக்கிறது. கீதை சமநிலையே யோகம் என்றும், செயலில் திறமையே யோகம் என்றும் அடுத்தடுத்துச் சொல்வதற்கு இவர்களுடைய வாழ்க்கையே நல்ல உரை.

இறுதி நிலை எது என்பதில் மரபுகள் ஒத்துப்போவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பதஞ்சலிக்கு அது காண்பவன் இயற்கையிலிருந்து பிரிந்து தனித்து நிற்பது. வேதாந்திக்கு அது பிரமமும் தானும் இரண்டல்ல என்ற அறிவு. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகள் வைத்து, யோகத்தை மூன்றாவதாக நிறுத்தி, இறைவனோடு தோழமை கொள்ளும் நெறி என்று சொல்லி, ஞானத்தில் திருவடி சேர்வதையே முடிவாகக் கொள்கிறது. இந்த விவாதம் ஆழமானது, ஆனால் தொடக்க நிலையில் உள்ளவரைத் தடுக்க வேண்டியதில்லை; மனத்தின் பிடி தளர வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

கடவுள் நம்பிக்கை வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இறைவனிடம் ஒப்படைப்பதாலும் சமாதி கிட்டும் என்றுதான் பதஞ்சலி சொல்கிறார். ‘ஒப்படைப்பதாலும்’ என்பதில் உள்ள அந்த ‘உம்’ முக்கியமானது. அவர் காட்டும் வழிகளில் அது ஒன்று, மிகச் சிறந்த ஒன்று, ஆனால் ஒரே வழி என்று அவர் சொல்லவில்லை. தியானத்திற்கான பொருள்களைச் சொல்லிக்கொண்டு வந்து, தனக்கு உகந்த எதையும் தியானிக்கலாம் என்று அந்தப் பட்டியலை முடிக்கிறார். மகிழ்கிறவரிடம் நட்பு, துன்புறுகிறவரிடம் இரக்கம், நல்லவரிடம் உவகை, தீயவரிடம் பொருட்படுத்தாமை என்ற நான்கையும் வளர்த்தால் மனம் தெளியும் என்று அவர் சொல்வதை எந்தச் சமயத்தவரும் தம் வேதத்தோடு ஒட்டிப் படிக்கலாம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதியாகவும் இஸ்லாமியர்கள் சிறு பகுதியாகவும் வாழும் இந்த மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானியார் பீர்முகம்மது அப்பா தமிழில் பாடிய மெய்ஞ்ஞானப் பாடல்களை எல்லாச் சமயத்தவரும் போற்றுகிறார்கள். அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டு விழாவின்போது இரவு முழுவதும் ஓதுகிறார்கள். உள்நோக்கித் திரும்புதல் ஒரு சமயத்துக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை.

ஆனாலும், யோகத்திற்கும் சமயத்திற்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். காண்பவன் வேறு, காணப்படும் மனமும் உலகமும் வேறு என்ற பார்வை சாங்கியம் என்னும் பழைய தத்துவ மரபிலிருந்து வந்தது. மறுபிறப்பும் வினைப்பயனும் அந்த நூலுக்குள் இருக்கின்றன. ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் மனத்தைக் கவனிப்பதும் உங்கள் விசுவாசத்தோடு மோத வேண்டியதில்லை. அதற்கு மேல் உள்ள தத்துவத்தை ஏற்பதா, உங்கள் ஜெபத்திற்குத் தயாராகும் அமைதியாக மட்டும் இதைப் பயன்படுத்துவதா என்பதை நீங்களே, வேண்டுமானால் உங்கள் சபையில் மதிக்கும் ஒருவரோடு பேசி, முடிவு செய்ய வேண்டும். ஓங்காரம் சொல்லத் தயக்கம் இருந்தால் சொல்ல வேண்டாம். வற்புறுத்துகிற ஆசிரியர் இயமத்தின் முதல் பாடத்தையே மறந்தவர்.

குருவைப் பற்றியது கடைசிக் கேள்வி. ஆசனத்தைச் சரியாகக் கற்கவும், மூச்சைத் தொடும்போதும் நேரில் பார்த்துத் திருத்துகிற ஒருவர் கட்டாயம் வேண்டும். திருமூலர் இடது நாசி வழியாக 16 மாத்திரை (பழைய கால அளவு) உள்ளிழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை வெளிவிடும் கணக்கைப் பாடியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு யூடியூப் பார்த்துக் கும்பகம், அதாவது மூச்சை நிறுத்துதல், செய்யத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தும் பயிற்சியே செய்யக் கூடாது. உங்கள் நிலையில் மூச்சை நிறுத்தாமல், உள்ளே போவதைவிட வெளியே விடுவதைச் சற்று நீளமாக்கி, அதன் போக்கைக் கவனித்தால் போதும். தலை கனத்தாலோ படபடத்தாலோ அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

மனத்தைக் கவனிக்கும் பயிற்சிக்குப் பதஞ்சலி வைக்கும் நிபந்தனைகள் மூன்று: நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு. காலையில் ஆசனம் முடிந்து சவாசனத்திலிருந்து எழுந்த பிறகு, மேலே சொன்ன அந்தப் பத்து நிமிடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணங்களை விரட்ட வேண்டாம். வந்தது வந்தது என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். மிகையாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகையாக உறங்குபவனுக்கும் விழித்தே இருப்பவனுக்கும் யோகம் இல்லை என்று கீதை ஆறாம் அத்தியாயம் சொல்வதால், இரவு உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்துங்கள். இயமத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்துக்காட்டாக, வகுப்பறையில் எந்த மாணவரையும் புண்படப் பேசுவதில்லை என்று ஒரு பருவம் முழுவதும் நடந்து பாருங்கள். எந்த ஆசனத்தையும்விட உங்கள் மனத்தின் உள்ளோட்டத்தை உங்களுக்கு அது அதிகம் காட்டிக்கொடுக்கும்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய உடல் எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்க்க வேண்டாம். தன்னைவிடக் கீழான நிலையில் உள்ளவரிடம் எப்படிப் பேசுகிறார், கட்டணம் கட்ட முடியாதவரை எப்படி நடத்துகிறார், தெரியாததைத் தெரியாது என்கிறாரா, மருத்துவரிடம் போக வேண்டிய நோய்க்கு மருத்துவரிடம் அனுப்புகிறாரா என்பவற்றைப் பாருங்கள். அற்புதங்களை வாக்களிப்பவரையும், தன்னை விட்டுப் போனால் தீங்கு வரும் என்று அச்சுறுத்துகிறவரையும் விட்டு உடனே விலகிவிடுங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரம் போன்ற அமைப்புகள் யோகப் பயிற்சி முகாம்கள் நடத்துகின்றன. உங்கள் இப்போதைய ஆசிரியரும் நல்லவராக இருந்தால் அவரையே விடாமல் பிடித்துக்கொண்டு, ஆசனத்துக்கு அப்பால் உள்ளதையும் சொல்லித் தாருங்கள் என்று கேளுங்கள். பல ஆசிரியர்கள் மாணவர்கள் கேட்பதில்லை என்பதாலேயே அதைச் சொல்லாமல் இருக்கிறார்கள்.